மகளுக்குப் பிடித்த இசைக்குழு எனக்குப் பிடிக்கவில்லை: மனக்கதவைச் சாத்தாமல் கேட்பது எப்படி?

கேள்வி: குடியாத்தம் தறிக்காரர் மகன்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன், வயது 52. என் மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான்கு ஆண்டுகளாக அவள் விரும்பிக் கேட்பது பி.டி.எஸ். என்னும் தென் கொரிய இசைக்குழுவின் பாடல்களைத்தான். அந்தக் குழுவை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் தவறொன்றும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலை நடந்தது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டிருந்தாள். நான் கடையிலிருந்து களைத்து வந்தவன், "இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரு வார்த்தையாவது புரியுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பாட்டை நிறுத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாய்விட்டு ஒரு பாட்டும் ஒலிக்கவில்லை. காதில் செருகிக்கொண்டு தனியே கேட்கிறாள். நான் அறைக்குள் நுழைந்தால் அதையும் கழற்றிவிடுகிறாள்.

எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நாகசுரம் கேட்டு வளர்ந்தவன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றங்கரையில் திரளும்போது, பம்பை முழக்கத்துக்கு முன்னால் விடியற்காலையில் ஒலிக்கும் நாகசுரத்துக்காகவே சிறுவயதில் எழுந்து ஓடியிருக்கிறேன். ஒரே இராகத்தை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டே போவதில் ஊறிய காது இது. அந்தக் காதுக்கு இந்தப் பாடல்கள் நிலைகொள்ளாதவையாகப் படுகின்றன: மூன்று நிமிடத்துக்குள் மூன்று நான்கு பாடல்களை ஒட்டவைத்தாற்போல மாறிக்கொண்டே இருக்கின்றன, குரல்கள் இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்றியவை போல இருக்கின்றன, ஏழு பேர் பாடியும் ஒருவர் குரல்கூட மனத்தில் நிற்பதில்லை.

என் தகப்பனார் குழித்தறியில் கைலி நெய்தவர். தறிக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. 1980களில் நாங்கள் விரும்பிக் கேட்ட திரைப்பாடல்கள் அவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அவர் ஒருநாளும் பெட்டியை அணைத்ததில்லை. ஏன் என்று கேட்டபோது, "எனக்குப் பிடிக்கல, ஆனா மிதிக்கு ஒத்து வருதுடா, இழை அறாம ஓடுது, இருக்கட்டும்" என்றார். தமக்குப் பிடிக்காத ஒன்றிலும் தம் தொழிலுக்கு இசைந்த ஒரு நல்ல குணத்தை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். எனக்கு அந்த அளவுகூடக் கைவரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

முன்பே தீர்ப்பு எழுதிவிட்ட ஒருவன் இனி நேர்மையாகக் கேட்க முடியுமா? எத்தனை முறை கேட்டால் நியாயமாகக் கேட்டதாகும்? கேட்டபின்பும் பிடிக்காவிட்டால் அதை மகளிடம் சொல்லலாமா, அல்லது பிடித்தது போலக் காட்டிக்கொள்வதுதான் தகப்பனுக்கு அழகா? நடிக்க எனக்கு விருப்பமில்லை. அவளும் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

பதில்: காட்பாடி ஆசிரியை

ஐயா, வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அந்தக் குழுவின் மீது எனக்கும் கடுமையான வெறுப்பு இருந்தது. அது எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் தொடங்கியது என்றே சொல்லலாம்.

2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துச் சிறுமிகள் மூவர் பி.டி.எஸ். குழுவினரைப் பார்க்கக் கொரியாவுக்கே போய்விடுவதென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டு, கடைசியில் காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறலாம் என்பது அவர்கள் திட்டம். அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்துகிறவள் என்பதால் அந்தச் செய்தி என் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அதே பேச்சுதான். பேச்சு முடியும்போது அந்தக் குழுவே குற்றவாளி என்று நாங்கள் எல்லாரும் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தோம். அவர்களுடைய ஒரு பாட்டைக்கூட அதுவரை நான் முழுதாகக் கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத்தான் யோசித்தேன். நடிகர்களைப் பார்க்க வேண்டுமென்று வீட்டில் சொல்லாமல் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறிய பிள்ளைகளின் கதை எந்தத் தலைமுறையிலும் உண்டு. அதற்காக அந்தக் காலத்துத் திரையிசை முழுவதும் கெட்டது என்று நாம் சொன்னோமா? என் அச்சம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியது. அது நியாயமான அச்சம். அதற்குச் செய்ய வேண்டியவை வேறு. அந்த அச்சத்தைக் கொண்டுபோய்ப் பாட்டின் மேல் ஏற்றி, பாட்டே காதுக்குக் கசக்கும்படி செய்துகொண்டது நான்தான். உங்கள் கடிதத்தில் இந்த அச்சம் தெரியவில்லை. ஆனால் அந்த மாலை உங்களைப் பேசவைத்தது இசை மட்டும்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து களைத்து வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னைக் கொஞ்சம் அசைத்தது பாட்டன்று, எழுத்து. மாணவிகள் சிலர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கள் பெயர்களைக் கொரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். திட்டுவதற்காக வாங்கியவள், இதை எப்படிப் படிப்பது என்று கேட்டேன். செஜோங் என்னும் அரசர் 1446இல் வெளியிட்ட எழுத்துமுறை அது. அதன் அடிப்படை மெய்யெழுத்துகளின் வடிவம், அந்த ஒலி பிறக்கும்போது நாவும் உதடும் தொண்டையும் கொள்ளும் நிலையைக் காட்டுவது. எழுத்தொலிகள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலைப் பாடம் நடத்துகிற எனக்கு அது எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் உடனே பாட்டு பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். என்னிடமிருந்த ஏளனம் மட்டும் போயிற்று. ஏளனம் இருக்கும்வரை காது வேலை செய்யாது என்பது என் அனுபவம்.

பிறகுதான் விவரம் கேட்டேன். 2013 ஜூனில் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஏழு இளைஞர்கள் அவர்கள். 2018இல் அவர்களுடைய ஒரு பாடல் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 என்னும் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியக் குழு ஒன்று அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல்முறை. அதே ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் நடந்த இளைஞர் நிகழ்ச்சி ஒன்றில், தன்னைத் தானே மதிப்பதைப் பற்றி அவர்களின் தலைவர் பேசினார். இவையெல்லாம் பாட்டு நல்லது என்பதற்குச் சான்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மாணவி எனக்குச் சொன்னது வேறு. 2017இல் வந்த 'ஸ்பிரிங் டே' என்னும் பாடல், கூட இல்லாத ஒரு தோழரை எண்ணி ஏங்குவது. 2014 ஏப்ரலில் செவோல் என்னும் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள். கொரிய மக்கள் பலர் அந்தப் பாடலை அந்தப் பிள்ளைகளின் நினைவோடு சேர்த்தே கேட்கிறார்கள். இதை அறிந்தபின் அந்தப் பாடலை நான் ஆசிரியையாகத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் சிறிது நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். பாட்டைத் தேடுவதற்கு முன் மகளிடம் வருத்தம் தெரிவியுங்கள். "ஒரு வார்த்தையாவது புரியுதா" என்பது இசைபற்றிய கருத்தன்று; அவள் அறிவைப் பற்றிய கேள்வி. தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமலே நாம் தலையாட்டிக் கேட்கவில்லையா? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது தெரியாதவர்களும் கவாலி கேட்கிறார்கள். அவளிடமே மூன்று பாடல்களைத் தேர்ந்து தரச் சொல்லுங்கள். நீங்களாகத் தேடினால் அதிகம் பேர் பார்த்த காணொளிதான் முதலில் வந்து நிற்கும். உங்களுக்கு ஏற்ற பாட்டு எது என்று அதற்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

பதில்: செய்யாற்றுக் கூத்தர் பேரன்

அண்ணா, உங்கள் தகப்பனார் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என் தாத்தா தெருக்கூத்தில் முகவீணை என்னும் சிறு குழல் வாசித்தவர். பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் நாள்கணக்கில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய அந்த முகவீணை அழும், சிரிக்கும், சண்டைக்கு இழுக்கும். அந்த ஒலியில்தான் நான் தூங்கிப் பழகினேன்.

பாலிடெக்னிக் படிக்க வெளியூர் விடுதிக்குப் போனேன். அறைத் தோழர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகவீணை போலக் கத்திக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். முதலில் அவர்களுக்காகச் சிரித்தேன். போகப் போக உண்மையாகவே எனக்குக் கூத்து பிடிக்காமல் போயிற்று. பத்து ஆண்டுகள் ஊர்த் திருவிழாவில் கூத்து தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். "அந்த ஒலி காதைக் குடைகிறது" என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்போது மெய்யாகவே குடைந்தது. இரவல் வாங்கிய வெறுப்பும் நாளடைவில் சொந்த வெறுப்பைப் போலவே காதுக்குள் ஒலிக்கிறது என்பதை நான் அறிந்தது தாத்தா போன பிறகுதான். ஆகவே, இந்தக் குழுவைப் பற்றி உங்களைச் சுற்றியுள்ளவர்கள் பேசிக்கொள்வதில் எவ்வளவு உங்கள் காதுக்குள் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஏழு பேரின் ஒப்பனையையும் நடையுடையையும் கேலி செய்யும் பேச்சு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஏராளம். பெண்வேடம் கட்டியவர்களைப் பற்றியும் அதே பேச்சைத்தான் பேசினார்கள்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நாகசுரக் காதோடுதான் நீங்கள் போக வேண்டும், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. கொரியாவில் அரசர் ஊர்வலத்துக்கும் படை அணிவகுப்புக்கும் வாசித்த பழைய இசைக்குத் தேச்வித்தா என்று பெயர். அதில் முதன்மையான கருவி தேப்யோங்சோ: கூம்பாக விரியும் மரக்குழல், வாய்வைக்கும் முனையில் இரட்டை நாணலில் செய்த சீவாளி, அடியில் உலோக அணைசு. கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள், அண்ணா. அதோடு நீண்ட உலோக எக்காளமும், சங்கும், பெருந்தாளமும், முரசும் சேர்ந்து ஒலிக்கும். இந்தக் குழுவில் ஒருவரான சுகா 2020 மே மாதம் தனியாக வெளியிட்ட பாடலுக்கு அந்த இசையின் பெயரையே வைத்து, அந்த ஒலிகளையே அடித்தளமாக அமைத்திருக்கிறார்.

2018இல் குழுவாக வெளியிட்ட 'ஐடல்' என்னும் பாடலில் இன்னொன்று இருக்கிறது. ஜாங்கு என்று அவர்கள் சொல்லும் இருமுக மத்தளம் ஒன்று உண்டு. அதன் அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டு, நாம் தகதிமி சொல்வது போல, பாடலின் நடுவே வருகிறது. கொரியர்களின் கதைப்பாட்டில் கேட்போர் உற்சாகமாகக் குரல் கொடுக்கும் சொற்களும் வருகின்றன. கூத்தில் அடவு நன்றாக விழுந்தால் முன்வரிசையிலிருந்து "பலே" என்று எழுமே, அதே இடம், அதே வேலை. அதைக் கேட்டபோது எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. எங்கோ ஒரு நாட்டில் பேரன்கள் தம் தாத்தாக்களின் ஒலியைக் கேலி செய்யாமல் எடுத்துக்கொண்டு போய் உலகத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். நான் அதைச் செய்யவில்லை.

பதில்: வாலாஜா வாசகி

மேலே எழுதிய அண்ணாவின் பதில் என்னை நெகிழவைத்தது. ஆனாலும் ஒரு சிறு மறுப்பு சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்து ஆண்டுகளாக அந்தக் குழுவின் ரசிகை. இப்போது இராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறேன்.

புதிதாக வந்த விருந்தாளியின் முகத்தில் நம் வீட்டுப் பெரியவரின் சாயலை மட்டும் தேடிக்கொண்டிருந்தால், விருந்தாளியோடு பேசியதாக ஆகாது. நாகசுரத்தோடு ஒத்துப்போகிற இரண்டு பாடல்களை ஐயா கேட்டு, "பரவாயில்லை, நம்முடையது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், அவர் மகள் நேசிக்கும் மற்ற நூறு பாடல்களும் பழைய இடத்திலேயே வெளியே நிற்கும். வாசலைத் தாண்ட அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வந்தபின் அந்த இசை எதற்காகச் செய்யப்பட்டதோ அதன்படி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஐயா, நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டது சமையலறையில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில். அத்தனை சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்ப முடியாது. மேலே உள்ள கீச்சொலிதான் வெளியே வரும். இந்தப் பாடல்களின் உடம்பே அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது. தவிலை எடுத்துவிட்டு நாகசுரத்தையும், அதிலும் அதன் மேல் சுரங்களை மட்டும் கேட்டவர் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? நாகசுரம் வெட்டவெளிக்காகப் பிறந்தது. நான்கு தெரு தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் குழல் அப்படி ஒலிக்கிறது. இந்த இசை காதுக்கு வெகு அருகில் வைத்துக் கேட்பதற்காகச் செய்தது. மூச்சு விடுவதும், உதடு பிரிவதும், ஒரே குரலை நான்கு அடுக்காக வைத்து மெல்லக் கூட்டுவதும் அதில் உள்ள வேலைப்பாடுகள். மகளின் காதுக்கருவியை வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காணொளி இல்லாமல் கேளுங்கள். மெருகேற்றிய குரல் என்று நீங்கள் சொன்னது உண்மைதான்; அது மறைப்பதற்காகச் செய்ததன்று, அந்தப் பளபளப்பே அவர்கள் தேர்ந்துகொண்ட நிறம். உங்கள் கைலிக்குக் கஞ்சி போட்டு மெருகு ஏற்றுவதில்லையா?

ஏழு பேரும் ஒன்றுபோல ஒலிக்கிறார்கள் என்பது எல்லாரும் முதலில் சொல்வது. இரண்டு குரல்களை மட்டும் முதலில் பழகுங்கள். வி என்பவருடையது ஆழ்ந்த, தாழ்ந்த குரல்; ஜிமின் என்பவருடையது மெல்லியதாக மேலே ஏறும் குரல். இந்த இருவரும் பாட்டில் எங்கே வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் தாமாகப் பிரிந்து நிற்பார்கள். நால்வர் பாடுபவர்கள், ஆர்.எம்., சுகா, ஜே-ஹோப் மூவரும் ராப் சொல்பவர்கள். ராப் வரும் இடத்தில் இராகத்தைத் தேடாதீர்கள், அங்கே அது இருக்காது. வள்ளிமலை சுவாமிகள் ஊர் ஊராகப் பரப்பிய திருப்புகழைக் கேட்டு வளர்ந்த பகுதி நம்முடையது. சந்தம் சொல்லை இழுத்துக்கொண்டு ஓடும்போது நாக்குக்கு ஒரு களிப்பு உண்டல்லவா, அந்தக் களிப்பைத் தேடுங்கள். (சாயல் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானும் அதையே செய்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. முதல் படிக்கு வேறு வழி இல்லை போலும்.)

2020இல் அவர்கள் முழுக்க ஆங்கிலத்தில் பாடிய 'டைனமைட்' அமெரிக்காவின் தனிப்பாடல் பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. ஊரில் எல்லாரும் அறிந்ததும் அதுதான். பத்து ஆண்டு ரசிகையான எனக்கே அது அலுப்பாக இருக்கிறது. அதை மட்டும் கேட்டுவிட்டு யாரும் இந்தக் குழுவை எடைபோட வேண்டாம்.

ரசிகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதினாறு வயதானபோது, முன்பின் தெரியாத ஒருவர் "இந்தக் குழு எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதியதற்காக, அவரைப் பல பேர் சேர்ந்து இரவு முழுவதும் வசைபாடினோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் தம் கருத்தைத்தான் சொல்லியிருந்தார். அவர் அதன்பிறகு அந்த இசையை ஒருநாளும் நல்ல மனத்தோடு கேட்டிருக்கமாட்டார். அதற்கு நான் காரணம். ஐயா, உங்கள் மகள் உங்களிடம் பதில் பேசாமல் பாட்டை நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களோடு சண்டை போட விரும்பவில்லை. அந்தப் பாட்டையும் உங்களுக்கு முன்னால் காயப்படவிட விரும்பவில்லை. அந்த மௌனத்தை வெறும் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: சத்துவாச்சாரி மெல்லிசைக்காரர்

இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறேன். வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்பதால் ஒரு மாதம் இந்தக் குழுவின் பாடல்களை முறையாக உட்கார்ந்து கேட்டேன், சிலவற்றை வாசித்தும் பார்த்தேன். இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த இழையில் எல்லாரும் மனம் மாறியவர்களாக எழுதியிருப்பதால், மாறாத ஒருவனும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எத்தனை முறை கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பொருளோடு பழகப் பழக அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்பதை ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஆய்ந்து வெளியிட்டார். ஆனால் முதலிலேயே கசந்துவிட்ட ஒன்றைத் திணித்துக்கொண்டே இருந்தால் கசப்பு முற்றவும் கூடும். மூன்று முறை, வெவ்வேறு நாட்களில், வேறு வேலை இல்லாதபோது கேளுங்கள், அது போதும். அதற்குமேல் கேட்பது தண்டனை ஆகிவிடும், அதை உங்கள் மகளும் விரும்பமாட்டாள்.

கேட்டபின் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு முன் "எல்லாம் இரைச்சல்" என்றுதான் நான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்லச் சொன்னால், நல்ல மெட்டு ஒன்று எழுந்து நீள வேண்டிய இடத்தில் அதை அறுத்து, மனத்தில் ஒட்டவைக்கும் சிறு துணுக்குக்குத் தாவிவிடுகிறார்கள், அந்த ஏமாற்றம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது என்று சொல்வேன். முதலாவது வசை, இரண்டாவது காரணம். காரணம் என்றால் ஒரு ரசிகர் என்னோடு உட்கார்ந்து வாதாட முடியும். "அந்த அறுப்புதான் எனக்குப் பிடிக்கும்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்லவும் செய்தாள்.

காரணம் இசைக்குள் இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களைக் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிவைத்த காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து எழுந்த இயக்கத்தில்தான் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ், இசைக்கு ஏற்ற மொழியன்று என்று அன்றைக்கு வாதாடியவர்கள் இசை தெரியாதவர்கள் அல்லர், நன்றாகத் தெரிந்தவர்கள். தங்கள் காதை நம்பித்தான் பேசினார்கள். அந்தக் காதுக்குள் வேறு என்னென்னவோ புகுந்திருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. கொரிய மொழியின் ஒலி பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

கொரிய இசைத் தொழிலின் நடைமுறை மீதும் எனக்கு மறுப்பு உண்டு. சிறுவயதிலேயே பிள்ளைகளை எடுத்து ஆண்டுக்கணக்கில் பயிற்சியில் வைப்பதும், நீண்ட ஒப்பந்தங்களில் கட்டிப்போடுவதும் கொரியாவிலேயே எதிர்ப்புக்கு உள்ளாகி, 2009இல் அரசின் வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் வகுத்து ஏழு ஆண்டு வரம்பு விதித்தது. இது எனக்கு முக்கியம். ஆனால் இதைச் சொல்லிப் பாட்டு கெட்டது என்று வாதாடமாட்டேன். அப்படி வாதாடினால் நாம் போற்றும் பல பாடல்களும் தப்பாது.

பிடிக்கவில்லை என்று மகளிடம் சொல்லலாம், ஐயா. எது பிடிக்கவில்லை, எந்த இடத்தில் என்று சொல்லும் அளவுக்குக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மறுமொழி: குடியாத்தம் தறிக்காரர் மகன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

ஆசிரியை அம்மா சொன்னபடி முதலில் மகளிடம் வருத்தம் தெரிவித்தேன். சொல்ல நினைத்ததில் பாதிகூட வாயில் வரவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை பேருந்துக்குக் கிளம்புவதற்கு முன் என் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். அதில் மூன்று பாடல்களின் பெயரும், ஒவ்வொன்றின் பொருளும் அவள் கையால் தமிழில் எழுதியிருந்தன. அவள் கொரிய மொழி ஓரளவு கற்றிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ஒரு வார்த்தையாவது புரியுதா" என்று நான் கேட்டதற்கு அவள் அன்றே பதில் சொல்லியிருக்க முடியும்.

இரவில் மொட்டைமாடியில் அவள் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு கேட்டேன். வாலாஜா வாசகி சொன்ன தாழ்ந்த ஒலி முதன்முறையாக என் காதில் விழுந்தது; தறியின் மிதி போல ஒரே சீராக அடியில் ஓடிக்கொண்டிருந்தது. 'ஸ்பிரிங் டே' பாடலில் அந்த ஆழ்ந்த குரல் வரும் இடத்தை இப்போது யாரும் சொல்லாமலே கண்டுகொள்கிறேன். அந்தப் பாடல் பிடித்திருக்கிறது. நாகசுரம் போலப் பிடித்திருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் கடையில் கணக்கு எழுதும்போது தானாக நினைவுக்கு வருகிறது.

'ஐடல்' எனக்கு ஒத்துவரவில்லை. சொற்கட்டு வரும் இடம் மட்டும் நன்றாக இருக்கிறது. அதை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். மற்ற இடங்களில் ஒலிமேல் ஒலியாக வந்து மோதுகின்றன, மூச்சு வாங்க இடமில்லை. இதை அப்படியே மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அது ஆடுறதுக்குப் போட்ட பாட்டுப்பா, நீங்க உக்காந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்" என்றாள். சிரசுத் திருவிழாவின் பம்பையையும் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மூன்றாவது பாட்டு இரண்டு முறை கேட்டும் பிடிபடவில்லை. இன்னும் ஒருமுறை பாக்கி இருக்கிறது.

நேற்று மாலை சமையலறையில் கைப்பேசியிலிருந்து பாட்டு ஒலித்தது. கீச்சொலியாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிறிய நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். எது வாங்கலாம் என்று மெல்லிசைக்காரர் ஐயா சொன்னால் நலம்.

இன்னொரு உதவியும் வேண்டும். இப்போது என் முறை என்கிறாள் மகள். அவள் கேட்பதற்கு நான் மூன்று நாகசுர வாசிப்புகளைத் தேர்ந்து, எங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று தாளில் எழுதித் தர வேண்டுமாம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒன்று. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நீளமானது, முதலிலேயே அதைக் கொடுத்தால் களைத்துவிடுவாளோ என்று யோசனையாக இருக்கிறது. மற்ற இரண்டு எவை என்று இரண்டு நாளாக முடிவு செய்ய முடியவில்லை. முதலில் கேட்கத் தகுந்ததாகச் சற்றுச் சிறிய வாசிப்பு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.